இரண்டு பிடிகள் உள்ள அறை

என் அறை நண்பனுக்கு வலது கையில் நான்கு விரல்கள் போன அன்று மத்தியானம் நான் கேன்டீனில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். பரிமாறுகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் ஊற்றினார். அதற்குள் பிரஸ் ஷாப்பில் ரத்தத்தின் மேல் மரத்தூள் போட்டுக் கூட்டியாகிவிட்டது. அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது. நானும் டூல் ரூமிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியாகிவிட்டது. பசித்தது, சாப்பிட்டேன். ஏதாவது தோன்றும் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

2007 வாக்கில் நடந்தது இது. நாங்கள் இருவரும் ஓசூரிலிருந்து ஜூஜுவாடி போகிற வழியில் ஒரு லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு சிங்காரப்பேட்டை பக்கம். எனக்குக் கோவில்பட்டி. ஒரே வருஷம் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, அவன் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்புக்கும் நான் அச்சு செய்கிற டூல் ரூமுக்கும் போனோம். நான் எங்கள் ஊர் வழக்கில் 'ஏல' என்று ஆரம்பித்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். எட்டு வருஷமாக அதே 'ஏல'வுக்கு அதே சிரிப்பு.

விபத்து எப்படி நடந்தது என்பதில் ஒரு ரகசியமும் இல்லை. பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் பாகம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது என்பது கணக்கு. ஆனால் அப்படி வேலை செய்தால் தகடு வைத்து எடுக்க நேரமாகிறது. அதனால் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு பட்டனை அழுத்தின வாக்கிலேயே கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனுக்கு, இன்னொரு கை தகடுக்கு. எல்லா ஷிப்டிலும், எல்லா மெஷினிலும் இதுதான் வழக்கம். சூப்பர்வைசர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். 'பாதுகாப்பே முதல்' என்ற போர்டு நேர் மேலே தொங்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பெர்சனல் டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒருவர் ஆப்பிள் பையோடு அறைக்கு வந்தார். ட்ரெய்னிங் ரூமில் வேலை தருகிறோம், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு பற்றி நீங்கள் பேச வேண்டும், தீபாவளிக்குள் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் கணக்கை முடித்துவிடலாம் என்றார். நல்ல மனிதர்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார்.

அவர் போனதும் இவன் சொன்னான். "பொருட்காட்சில ரெட்டத்தல கன்னுக்குட்டிய வெக்கிற மாதிரி என்னை வெக்கப் பாக்கறானுங்க."

"அப்ப ஊருக்குப் போறியா?"

"ஊர்ல என்னா இருக்குது? அண்ணன் நெலம். அவன் மாங்கா பறிக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். டீ கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டான். அழவில்லை, கோபப்படவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். நானும் அவனைப் போலத்தான் இருந்தேன். ஷிப்ட் போனேன், வந்தேன், தூங்கினேன். ஒரு அறையில் இரண்டு பேர் மரத்துப்போய்க் கிடந்தோம். தீபாவளி வந்தால் அவன் ஊருக்குப் போய் முடங்கிவிடுவான் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது கூடாது என்றும் தெரிந்தது. தெரிந்ததே தவிர மனம் பதறவில்லை.

ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்ரென்டிஸாக இருந்தபோது, பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. கதைப் புத்தகம் என்று நினைத்து வாங்கினேன். வாசித்தால், ஒரு ராஜா பூமிக்கடியில் தோண்டி வைத்த பாதாளக் கோட்டை, அறை அறையாக எழுதியிருக்கிறது. எந்த அறையில் என்ன பொறி, எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன மிருகம் என்று எல்லாம். ஒருவர் அதை மனதில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, திருடனாக, மந்திரவாதியாக இருந்துகொண்டு, 'நான் கதவைத் தள்ளுகிறேன்', 'நான் கூரையைப் பார்க்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். எங்களுக்கு அந்தப் பகடைக்கு எங்கே போக? பவுடர் டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். பெரிய எண் வந்தால் நல்லது. ஒன்று வந்தால் செத்தாய்.

நான்தான் சொல்கிறவன். ஆடுகிறவர்களில் இவன்தான் கெட்டிக்காரன். அந்தக் கோட்டையில் ஒரு சந்து இருந்தது. ஒரு ஆள் மட்டும் நுழையலாம். முடிவில் ஒரு கல் பலகை. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு இரும்புப் பிடி. இரண்டு கையாலும் இரண்டையும் இழுத்துப் பிடித்தால் பலகை மேலே போகும், உள்ளே மாடத்தில் ராஜாவின் விளக்கு தெரியும். ஒரு பிடியை விட்டாலும் பலகை விழுந்துவிடும். விளக்கைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. ஆசைப்படுகிறவனைக் கேலி செய்ய ராஜா செய்து வைத்த ஏற்பாடு என்று புத்தகம் சொன்னது. நாங்கள் பல வாரம் அங்கே முட்டி நின்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவன் தன் வீரனின் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு பிடியை இழுத்த வாக்கில் கட்டிவிட்டான். இடது கையில் இன்னொரு பிடி, வலது கையை உள்ளே விட்டு விளக்கை எடுத்தான். சீட்டும் பெரிதாக விழுந்தது. அன்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிரஸ் ஷாப்காரனுக்கு வேறு எங்கிருந்து வரும்?

பிறகு ஒருவன் துபாய் போனான், ஒருவன் பெங்களூர் போனான், ஆட்டம் நின்றது.

இப்போது திரும்ப ஆரம்பிக்க ஆள் வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் சேலத்துக்காரத் தம்பதி இருந்தார்கள். கணவன் கியர் கம்பெனி, மனைவி எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி. கணவனுக்கு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிற பழக்கம் உண்டு. மூன்றாவது ஆள் அத்திப்பள்ளிக்காரர். கன்னடம் வீட்டில், தெலுங்கு மாமியார் வீட்டில், தமிழ் கம்பெனியில். எங்கள் பிரஸ் ஷாப்தான், எங்கள் வயதுதான். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்து பார்த்தவர்.

முதல் ஞாயிறு பழைய புத்தகத்தை அப்படியே சொன்னேன். முதல் கதவிலேயே மூன்று பேரும் செத்துப்போனார்கள். கதவைத் தொட்டால் விஷப்புகை, அவ்வளவுதான். புத்தகம் அதைப் பெரிய நகைச்சுவை மாதிரி எழுதியிருந்தது. சேலத்து அக்கா என்னை முறைத்தார்.

"இதுக்குத்தான் கொழம்பு வெக்காம வந்தனா?"

"அக்கா, பழைய ஆட்டம் அப்படித்தான்."

"கதவு வெசம்னு தெரியறதுக்கு ஏதாச்சும் அடையாளம் வேணாமா? செத்த எலியாவது கெடக்கணுமில்ல?"

அவர் கணவருக்கு வேறு குறை. "செத்தா முந்தின எடத்துல இருந்து திருப்பி ஆரம்பிக்க முடியாதுங்களா? கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணிக்கலாம்."

அக்காவுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. பூட்டிய அறைக்குள் நூறு வருஷமாக ஆறு ஓநாய்கள் இருக்கின்றனவே, அவை என்ன தின்றன? நான் இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை. ஜன்னலோரம் இருந்தவன் திரும்பவில்லை. ஆனால் தோள் லேசாக அசைந்தது. சிரிப்பா இருமலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கோட்டையைத் திருத்தினேன். செகண்ட் ஷிப்டுக்குப் போகும் முன் காலை வேளையில் உட்கார்ந்து செய்தேன். விஷக் கதவுக்கு முன்னால் ஒரு செத்த எலியைப் போட்டேன். ஓநாய்களை விடுதலை செய்து, கோட்டைக்குப் பின்வாசல் ஒன்று வைத்து, வந்து போகிற மிருகங்களாக மாற்றினேன். ஒன்றுமே இல்லாத அறைகள் ஏராளமாக இருந்தன. அந்தக் காலத்துக்காரர்களுக்குப் பொழுது நிறைய இருந்திருக்கும். எங்களுக்கு ஞாயிறு மத்தியானம் துணி துவைத்தது போக மிச்சம்தான், எல்லா வெற்று அறைகளையும் மூடினேன். ராஜா எதற்காகத் தோண்டினான் என்பதற்குப் புத்தகத்தில் காரணமே இல்லை. தண்ணீர் தேடித் தோண்டினான், கிடைக்கவில்லை, வெட்கப்பட்டு அதைக் கோட்டை என்று சொல்லிக்கொண்டான் என்று வைத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போர்வெல் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். சாவையும் எடுத்துவிட்டேன். சீட்டு ஒன்று வந்தால் காயம், அடுத்த ஞாயிறு ஆறிவிடும் என்று விதியை மாற்றினேன்.

இரண்டு பிடிகள் உள்ள அறை வந்தது. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டேன். சந்து இருந்த இடத்தில் ஒரு கயிற்றுப் பாலம் போட்டு, விளக்கைப் பாலத்தின் நடுவில் தொங்கவிட்டேன். செய்யும்போது கை நடுங்கியதா, மனம் கனத்ததா என்றெல்லாம் கேட்டால், இல்லை. டிராயிங்கில் ஒரு துளையை நீக்குகிற மாதிரிதான் இருந்தது.

திருத்திய கோட்டை நன்றாக ஓடியது. செத்த எலியைப் பார்த்ததும் அக்கா குதூகலமாகிவிட்டார். அத்திப்பள்ளிக்காரர் ஒவ்வொரு அறையிலும் முதலில் தரையைக் கம்பால் தட்டுவார். குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி கதவுகளைச் சோதிப்பார். மூன்று பேரும் அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவன் மட்டும் வரவில்லை. பாயில் ஒரு இடம் காலியாகவே விட்டுவைத்தேன். கூப்பிட்டால், "நீங்க ஆடுங்க" என்பான். தீபாவளி நெருங்கிவிட்டது. ஜவுளிக்கடைகள் வாசலில் மைக் கட்டிவிட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பாலத்துக்கு வந்தார்கள். நடுவில் விளக்கு தொங்குகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வெளக்கு பாலத்துல இல்ல."

ஜன்னலோரத்திலிருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவன் லாரிகளைப் பார்த்தபடியே இருந்தான்.

"அந்தச் சந்து எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"என்னாத்துக்கு?"

"பழசா இருந்துச்சு. இப்ப உள்ளவங்களுக்குப் பிடிக்காது."

"பொய் சொல்லாத."

எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தான். துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டான். "திருப்பி வெய்டா," என்றான்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். பாலம் இல்லை, சந்து இருக்கிறது, ஒரு ஆள்தான் நுழையலாம், முடிவில் கல் பலகை, இரண்டு பிடி. அக்கா கேட்டார். "ரெண்டு கையும் பிடிலயே இருந்தா வெளக்க எந்தக் கையால எடுக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் அத்திப்பள்ளிக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "அது ஈஸிக்கா. தலைல துண்டு இருக்குதில்ல? அதுல ஒரு பிடிய இழுத்துக் கட்டிடறது. இன்னொண்ணு இந்தக் கையில. வெளக்கு அந்தக் கையில. ஆய்த்து, முடிஞ்சது."

பழைய ஆட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் நண்பனின் முகத்தைப் பார்க்காமல் டப்பாவை நீட்டினேன். பதினேழு வந்தது. விளக்கு கிடைத்துவிட்டது. அக்கா கை தட்டினார்.

"திருப்பி எடுங்க," என்றான் நண்பன்.

"எதுக்குண்ணா? கெடச்சுடுச்சே."

"ஒரு வெளக்குக்காகவா வந்தீங்க? உள்ள இன்னொண்ணு இருக்குது. எடுங்க."

அத்திப்பள்ளிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கினார். பதினொன்று. "இன்னொண்ணு இருக்குது." எட்டு. "அதுவும் வந்துடுச்சு. எடுங்க." சேலத்துக்காரர் முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். டப்பாவின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தொன்பது, ஆறு, பதினான்கு, திரும்பவும் பதினான்கு. நண்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரே குரலில், தகடு எண்ணுகிற மாதிரி, "வந்துடுச்சு, அடுத்தது," என்றான். கோபமோ கிண்டலோ இல்லை. போதும்ப்பா, டீ போடட்டுமா என்றார் அக்கா. அத்திப்பள்ளிக்காரருக்கு வியர்த்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. கை போவதும் வருவதுமாக இருந்தது.

ஒன்று வந்தது.

அவர் சீட்டைப் பாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புது ரூல்ல காயம்தான ஆகும்? அடுத்த ஞாயித்துக்கெழம ஆறிடும்தான?"

நானே எழுதிய விதி. நண்பன் துண்டை விலக்கிக் கையை எடுத்துச் சீட்டுகளின் நடுவில் வைத்தான். கட்டு பிரித்த பிறகு என்னைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை. கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. அக்கா பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை.

அவன் அத்திப்பள்ளிக்காரரிடம் கேட்டான். "நீங்க இப்ப எந்த மெஷின்?"

"உங்க மெஷின்தாண்ணா."

"பட்டன் கட்டியிருக்குதா?"

அத்திப்பள்ளிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க கட்டின ட்யூப்புதாண்ணா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கு அவுத்தாங்க. அவரு போனதும் அதையே எடுத்துக் கட்டிட்டாங்க. முடிச்சு கூட அதே எடத்துல."

நானும் தினமும் அந்த வழியாக டூல் எடுத்துக்கொண்டு போகிறவன்தான். கண்ணில் பட்டிருக்கும், மனதில் படவில்லை.

அதற்கு மேல் ஆட்டம் ஓடவில்லை. அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தார், குடித்துவிட்டு அவரவர் போனார்கள். நண்பன் ஜன்னலுக்குப் போகவில்லை. பாயிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ள மறந்துவிட்டான்.

மறுநாள் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். விழித்துப் பார்த்தபோது அவன் யூனிஃபார்ம் பேன்ட் போட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். கம்பெனி பஸ் நிறுத்தத்துக்கு எனக்கு முன்னால் நடந்தான். பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இவன் உட்காரவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டு நின்றான். ட்ரெய்னிங் ரூமுக்கா போகிறாய் என்று கேட்டேன்.

"அது அப்புறம். மொதல்ல அந்த ட்யூப அவுக்கணும். ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள."

அத்திப்பள்ளிக்காரருக்கும் அன்று அதே ஷிப்ட், சைக்கிளில் வருகிறவர். ஷிப்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே மெஷினில் நிற்பது அவர் பழக்கம். சிப்காட் வளைவில் பஸ் எப்போதும் போல மெதுவாகப் போனது, முன்னால் ஒரு ட்ரெய்லர். இவன் டிரைவரிடம், அண்ணே கொஞ்சம் சீக்கிரம் என்றான். விபத்து நடந்த நாளில் எனக்கு வராமல் போன பயம் அத்தனையும் அந்த வளைவில் வந்தது. நானும் டிரைவரைப் பார்த்து, சீக்கிரம் போங்க அண்ணாச்சி, சீக்கிரம் போங்க என்று கத்தினேன்.